பழைய பேப்பர் கடைக்குப் போன ஐந்து நோட்டுகள்

"இதெல்லாம் ரொம்ப அழகா இருக்கு. நிஜ நோட்டு எங்கே?"

வசந்தி மேடம் இப்படிக் கேட்டபோது நான் அவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். ஃபிளாஸ்க்கின் வாய் சரியில்லை, பாதி டீ மேஜையில் போனது. துணி தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கேள்வி எனக்குப் புரியவில்லை. ஆனால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்பது மட்டும் புரிந்துவிட்டது.

ராயபுரத்தில் எங்கள் சமுதாயக் கூடம். மே மாதத்து மதியம். மேலே இரண்டு மின்விசிறிகள். ஒன்று சுற்றும், இன்னொன்று சத்தம் மட்டும் போடும். மேஜைமேல் ஐந்து நோட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ஐந்துக்கும் பிரவுன் அட்டை, ஐந்துக்கும் லேபிள், ஐந்திலும் சிவப்பு மையில் மார்ஜின். அந்த ஐந்து நோட்டுக்காரர்களும் எண்ணெய் வைத்துத் தலை சீவிச் சுவரோரமாக நின்றிருந்தார்கள்.

"இதுதான் மேடம் நோட்டு" என்றேன்.

அவர் மேலே இருந்ததை எடுத்துப் புரட்டினார். "அமலி. ஆறு மாசத்து வேலை. ஆனா முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரே பேனா. ஒரு அடித்தல் இல்ல. ஒரு சந்தேகம் இல்ல. இந்தப் பொண்ணு ஆறு மாசமா தப்பே பண்ணலையா?"

"தப்பெல்லாம் ரஃப் நோட்டுல இருந்தது மேடம். இது ஃபேர் நோட்டு" என்று பெருமையாகச் சொன்னேன்.

"அந்த ரஃப் நோட்டைத்தான் கேக்கறேன்."

மேடம் வருகிறார் என்று முந்தின நாள்தான் கூடத்தைச் சுத்தம் செய்து, மூலையில் கிடந்ததையெல்லாம் அள்ளிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தேன். அதில் அந்த ஐந்து ரஃப் நோட்டுகளும் போயிருந்தன.

இது என்ன மாதிரிப் பரீட்சை

சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு, "நீங்கள் நடத்துவது டியூஷனா, டிராயிங் கிளாஸா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்கு இன்னும் அது தெரியாது.

ஓர் அறக்கட்டளை இளம் வயதுக்காரர்களுக்குக் கலைச் சான்றிதழ் தருகிறது. பாட்டு, கூத்து, ஓவியம், எதுவானாலும் சரி. மூன்று நிலைகள். கேள்வித்தாள் கிடையாது, மார்க் கிடையாது. ஒரு வேலையை நீயே தேர்ந்தெடுத்து, நீயே செய்து, செய்யும்போது நடந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். கடைசியில் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவார். நோட்டைப் பார்ப்பார், கேள்வி கேட்பார். உனக்கு ஏதாவது பிடிபட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்த மதிப்பீட்டாளர்தான் வசந்தி மேடம்.

சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளை இதற்குத் தயார் செய்வது என் வேலை. அது எனக்கு முதல் வருடம். பயிற்சிக்குப் போனபோது "நடந்ததையெல்லாம் எழுத வேண்டும்" என்று நூறு தடவை சொன்னார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். தலைதான் ஆடியது, உள்ளே ஒன்றும் இறங்கவில்லை.

ஐந்து பேரில் நாலு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்கு இந்தத் தடவை இல்லாவிட்டால் அடுத்த தடவை. அமலிக்கு அப்படி இல்லை.

அமலிக்கு வயது இருபது. பிளஸ் டூவில் கணக்கில் போனவள், மறுபடி எழுதியும் போனவள். அப்பா ஆரோக்கியம் அண்ணன் ஹார்பரில் கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறார். மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் மகளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். அங்கே சூப்பர்வைசர் அவருடைய தோஸ்து. ஜூலை ஒண்ணாந்தேதி சேர வேண்டும்.

அமலிக்கோ எண்ணூரில் ஒரு மாலை நேரக் குழந்தைகள் மையத்தில் படம் சொல்லித்தரும் வேலைமேல் கண். அவர்கள் அவளைப் பார்த்துப் பிடித்துப்போய், ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். இரண்டாம் நிலைச் சான்றிதழ் வேண்டும், ஜூன் முடிவதற்குள் வேண்டும்.

"காயிதம் வந்தா எண்ணூரு, வர்லன்னா மணலி. இத்தோட பேச்சு முடிஞ்சிபோச்சி" என்று ஆரோக்கியம் அண்ணன் சொல்லிவிட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசினால் மாற்றுகிறவரும் இல்லை.

அடித்தல் திருத்தல் இல்லாமல்

என் புத்தி ஏன் அப்படிப் போனது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சமாதானம் சொல்வதற்காக இல்லை. எங்கள் பக்கத்தில் வளர்ந்த யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

திருவொற்றியூரில் நான் ஏழாவது படிக்கும்போது, அறிவியல் ரெக்கார்டில் தவளைப் படத்தின்மேல் ஒரு சொட்டு மை விழுந்தது. டீச்சர் அந்த நோட்டை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். நான் அதை எடுக்கப் போகும்போது மொத்த வகுப்பும் எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து என் நோட்டில் ஒரு பிசிறு இருக்காது.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெருவில் பெரிய மரியாதை வாங்கிக் கொடுத்தது. ரேஷன் கார்டு மனு, ஹார்பர் பாஸ் மனு, பென்ஷன் மனு, எல்லாவற்றுக்கும் நான்தான். "அடித்தல் திருத்தல் இருந்தா திருப்பி அனுப்பிடுவான், பாத்து எழுதும்மா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு எழுத்துத் தப்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆபீசர் கண்ணில் படுகிற தாளில் நம்முடைய தடுமாற்றம் தெரியவே கூடாது. இது எங்களுக்கு எலும்பில் ஊறின விஷயம்.

ஆகவே மேடம் வரப் பத்து நாள் இருக்கும்போது ஐந்து பேரையும் உட்கார வைத்தேன். "எல்லாத்தையும் ஃபேரா எடுங்க. தப்பா போனதெல்லாம் எதுக்கு? சரியா வந்ததை மட்டும் எழுதுங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் எழுதினார்கள். அவர்களும் அதே தெருக்களில் வளர்ந்தவர்கள்தானே.

அமலியின் வேலை போட்டு எழுத்து, அதாவது மீன்பிடிப் படகில் பெயர் எழுதுவது. காசிமேட்டில் போட்டுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற தாய்மாமனோடு சின்ன வயதிலிருந்தே போய்வருகிறவள். கடலில் தூரத்திலிருந்து பார்த்தாலும் படிக்கிற மாதிரிப் பெயர் எழுதுவது எப்படி, இதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. நவம்பரிலிருந்து கூடத்தின் பின் சுவரில் எழுதி எழுதிப் பார்த்தாள். எந்த எழுத்து எத்தனை அடி தள்ளிப் போனால் மறைகிறது, எந்த வண்ணம் வெயிலில் செத்துப்போகிறது, எல்லாம் ரஃப் நோட்டில் இருந்தது. ஃபேர் நோட்டில் கடைசியாக வந்த அழகான எழுத்து மட்டும், கட்டம் போட்டு இருந்தது.

இதையெல்லாம் நான் சொன்னதும், "சரி, அந்தச் சுவரையாவது காட்டுங்க" என்று வசந்தி மேடம் கேட்டார்.

சுவருக்கு நான் வெள்ளையடித்திருந்தேன். அதுவும் மேடம் வருகிறார் என்றுதான்.

போனில் படம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. எல்லாப் படத்திலும் முடிந்துபோன எழுத்தும், அதன் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு இவர்களும்.

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன், எனக்கு அது கை வந்த கலை. "நல்லா பண்ணியிருக்காங்கன்னு தெரியுது. ஆனா தெரியுதுங்கறதுக்காக நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். பதினைந்து நாள் கழித்து இந்தப் பக்கம் மறுபடி வருவதாகவும், அதற்குள் ஏதாவது இருந்தால் பார்ப்பதாகவும், இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மாதவரம் வரைக்கும்

மேடத்தின் ஆட்டோ திரும்புவதற்குள் நான் பழைய பேப்பர் கடையில் நின்றேன்.

"நேத்தே லோடு பூட்ச்சிக்கா, மாதவரம் கோடவுனுக்கு" என்றார் கடைக்காரர்.

மாதவரத்துக்குப் போனேன். லாரிகளுக்கு நடுவே கோடவுனைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே போனால், மூன்று ஆள் உயரத்துக்குக் காகிதம். அங்கே இருந்தவர் என்னைப் பார்த்தார், காகித மலையைப் பார்த்தார். "எத்தினி நோட்டு?" என்று கேட்டார். ஐந்து என்றேன். ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, "குந்தும்மா, தண்ணி குடி" என்றார். அவ்வளவுதான் அவரால் செய்ய முடிந்தது. இரண்டு மணி நேரம் கிளறிவிட்டு, கல்யாணப் பத்திரிகைத் தூளும் சிமெண்டுத் தூளுமாக வீடு திரும்பினேன்.

நான் செய்த இரண்டாவது தப்பு

இதை எழுதத்தான் மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். எழுதாமல் விட்டால் மறுபடியும் ஃபேர் நோட்டு எழுதின மாதிரி ஆகிவிடும்.

மறுநாள் யானைக்கவுனியில் ஒரு மொத்தக் கடைக்குப் போய் ஐந்து மலிவு நோட்டுகளும் நாலு விதப் பேனாக்களும் வாங்கினேன். பிள்ளைகளை வரவழைத்தேன். "ஞாபகத்துல இருக்கிறதை வச்சு ரஃப் மாதிரியே எழுதுங்க. பேனாவை மாத்தி மாத்தி எழுதுங்க. அங்கங்கே அடிச்சுக்கோங்க. அட்டையைக் கொஞ்சம் கசக்குங்க, ரெண்டு இடத்துல டீ கொட்டினாலும் தப்பில்ல" என்றேன். குரலில் ஒரு தயக்கம்கூட இல்லை.

நாலு பேர் எழுத ஆரம்பித்தார்கள். அமலி பேனாவைத் தொடவில்லை.

"இன்னா மிஸ் இது, ரஃப்ப கூட பாத்து எயுதணுமா?"

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சுட்டது. "உனக்காகத்தான்டி செய்யறேன். பதினைஞ்சு நாள்ல வேற என்ன கிழிப்பே?"

"வேற ஒண்ணு பண்றேன். புச்சா."

"ஆறு மாசம் ஆச்சு, அந்த ஒண்ணைப் பண்ண."

"அப்போ தெரியாம பண்ணேன், ஆறு மாசம் ஆச்சி. இப்போ தெரியும்ல."

"முடியலன்னா?"

"முடியலன்னா மணலிக்கி போறேன். இத்த எயுதி பாஸாயிட்டு எண்ணூர்ல போயி குந்திகினு, சின்னப் பசங்களுக்கு இன்னா மிஸ் சொல்லிக் குடுப்பேன்? டபாய்க்கறது எப்பிடின்னா?"

கையிலிருந்த ஸ்கேலை மேஜையில் ஓங்கி அடித்தேன். அது இரண்டாக உடைந்தது. "வெளியே போ" என்றேன். போய்விட்டாள். மற்ற நாலு பேரும் மெதுவாக நோட்டுகளை மூடி வைத்துவிட்டு, அடுத்த வருடமே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லாமல் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

தனியாக உட்கார்ந்திருந்தேன். கோபம் அவள்மேல் இல்லை என்று எனக்கே தெரியும். ஒரு பெண்ணின் ஆறு மாதத்தை எடைக்குப் போட்டது நான். அதை மறைக்க அவளையே பொய் எழுதச் சொன்னதும் நான். வெட்கமாக இருந்தது. அழுகையாகவும் வந்தது.

மன்னிப்புக் கேட்பது எனக்கு லேசில் வராது. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றுகொண்டு, "இன்னும் பேர் எழுதாத போட்டு ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன்.

"நாகப்பன் அண்ணன் போட்டு ஒண்ணு கீது மிஸ்" என்றாள்.

அழிக்கக் கூடாத பெயர்

எங்கள் கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பது போட்டுகளுக்கு ஆஸ்பத்திரிக் காலம். கோடையில் இரண்டு மாதம் யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது. அப்போதுதான் ஓட்டை அடைப்பது, பெயிண்ட் அடிப்பது, பெயர் எழுதுவது எல்லாம். அது முடிய இன்னும் பதினாலு நாள்தான் இருந்தது. பெரும்பாலான போட்டுகள் மினுமினுவென்று தயாராக நின்றன. நாகப்பனுடைய ஃபைபர் போட்டுக்கு மட்டும் அடிப்பக்கம் பூச்சு வேலை இழுத்துக்கொண்டே போயிருந்தது.

அமலி அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். எழுதிப் பார்த்து, சரியில்லாவிட்டால் அழித்து, மறுபடி எழுதி, எது தூரத்தில் தெரிகிறது என்று பார்க்க வேண்டும் என்றாள்.

"அயிச்சி அயிச்சி எயுதறதா?" நாகப்பன் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "போட்டுல பேரு எயுதினா எயுதினதுதான். அடுத்த தடைக்காலம் வரைக்கும் அத்த யாரும் தொட மாட்டோம். எங்க நைனா காலத்துலேர்ந்து அப்பிடித்தான். அந்தப் பேர நம்பிதான் நாலு பேரு கடலுக்குப் போறான், தெர்தா?"

நான் வாயைத் திறந்தேன். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அமலி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"போட்டு மேல எயுதலண்ணா. பலகைல எயுதி, போட்டு மேல தொங்க வுட்டுப் பாக்கறேன். எல்லாம் சரின்னு நீயே சொன்னப்புறம் ஒரே வாட்டி எயுதறேன். அயிக்கவே மாட்டேன்."

அவர் யோசித்தார். "ஒரே வாட்டி?"

"ஒரே வாட்டி."

"கோணலா பூட்ச்சின்னா ஒரு வருசம் கோணலாவே கடலுக்குப் போணும்."

"போவாது."

இதுவரை அவளிடம் இருந்தது ஒரு கவலை. இப்போது இரண்டாகிவிட்டது. சான்றிதழ் போனால் மணலி. எழுத்துப் போனால் ஒரு வருடம் காசிமேட்டில் தலைகாட்ட முடியாது.

பலகைக்கு முதலில் அவள் எடுத்தது ஐஸ் பெட்டி மூடி. தெர்மோகோல். கரையில் உடைந்தது நிறையக் கிடக்கும், கனமும் இல்லை. போட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டைத் தொட்டு முதல் எழுத்தைப் போட்டாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது எழுத்து உள்ளே இறங்கியது. பெயிண்ட் தெர்மோகோலைத் தின்றுவிட்டது. எழுத்து இருந்த இடத்தில் ஒரு பள்ளம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் பழக்கதோஷத்தில் மூடியை எடுத்துக் குப்பையில் போடப் போனேன். "மிஸ், அத்த வையுங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். அதன் பின்னால் ஒன்று என்று நம்பர் போட்டாள். நோட்டில் எழுதினாள்: "தெர்மோகோல்ல எனாமல் அடிக்கக் கூடாது. உருகுது. இது எனக்குத் தெரியாது."

அதற்கப்புறம் போட்டு கட்டுகிற இடத்தில் மிச்சம் விழும் பிளைவுட் துண்டுகள். தினமும் காலையில் ஒன்று எழுதுவாள், காய வைத்து மாலை வெயிலில் போட்டுமேல் கட்டித் தொங்கவிடுவாள். என் வேலை, வார்ஃப் என்கிற படகுத்துறை மேடையின் அடுத்த முனைக்கு நடந்துபோய் நின்று, தெரிந்தால் கையைத் தூக்குவது. தெரியாவிட்டால் சும்மா நிற்பது. நான் கண்ணாடி போட்டவள், அந்த வெயிலில் தண்ணீர் வேறு கண்ணைக் கூசும். பாதி நேரம் சும்மாவே நின்றேன். ஒருநாள் கை வலிக்கிறதே என்று தூக்கிவிட்டேன். அவள் ஓடி வந்து, "மெய்யாலுமே தெரிஞ்சிச்சா?" என்று கேட்டாள். இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அதையும் எழுதிக்கொண்டாள், கிராதகி.

அவளுக்கு நிழல் எழுத்துமேல் அப்படியொரு மோகம். மஞ்சள் எழுத்து, கீழே சிவப்பு நிழல். கிட்டத்தில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும், வார்ஃப் முனையிலிருந்து பார்த்தால் ஒரு காவிக் கறை. இரண்டாம் பலகையில் தெரிந்த இந்த உண்மையை நாலாம் பலகையிலும் ஒருமுறை தெரிந்துகொண்டாள்.

போட்டில் தொழிலுக்குப் போகிற ஒருவர் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "நாங்க எங்கமா பேரப் படிக்கிறோம்? தூரத்துல கலரப் பாத்தே யாரு போட்டுன்னு சொல்லிடுவோம். அப்புறம்தான் எழுத்து" என்றார். அமலி அன்று எழுதவே இல்லை. எழுத்துக்குப் பின்னால் வருகிற பட்டையின் வண்ணத்தை மட்டும் மாற்றி மாற்றி மூன்று பலகை செய்தாள்.

அந்தப் பதினான்கு நாளில் நான் எனக்குப் போட்டுக்கொண்ட விதி ஒன்றுதான்: நோட்டைத் தொடக் கூடாது. அது பெயிண்டும் மணலும் மீன் செதிலுமாக இருந்தது. எழுத்துப் பிழைகளைப் பார்த்துக் கை பரபரக்கும். புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வேன்.

பதினோராவது பலகையைப் பார்த்ததும் நாகப்பன் வலையை வைத்துவிட்டு எழுந்து, அவரே வார்ஃப் முனைவரை நடந்துபோனார். அங்கிருந்து கையைத் தூக்கினார்.

மறுநாள் அமலி போட்டுமேல் எழுதினாள். கங்கை அம்மன் துணை. வெள்ளைப் பட்டைமேல் கருநீலம், நிழல் கிடையாது, எழுத்துக்கு எழுத்து நல்ல இடைவெளி. ஆரம்பிப்பதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டாள். நாகப்பன் அந்தப் பக்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முடிந்ததும் நாகப்பன் தூரமாகவும் கிட்டவும் போய்ப் பார்த்துவிட்டு, "நாஸ்தின்னு சொல்ல முடியாது" என்றார், மோசமில்லை என்கிற அர்த்தத்தில்.

சத்தமாகப் படித்தது

வசந்தி மேடம் சொன்னபடியே வந்தார். கூடத்துக்கு வேண்டாம், கரைக்கே வருகிறேன் என்றார். மறுநாள் தடை முடிகிறது. எங்கும் ஐஸ் வண்டிகள், டீசல் டின்கள், மாலை கட்டிய போட்டுகள். கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டிமேல் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் நோட்டைப் படித்தார். பதினோரு பலகைகளையும் வரிசையாக நிறுத்தச் சொன்னார், பள்ளம் விழுந்த மூடியையும் சேர்த்து.

ஒரு பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

"மிஸ் புது நோட்டு வாங்கினு வந்து ரஃப் மாதிரி எழுத சொன்னாங்க. நான் மாட்டேன்னு சொன்னேன். மிஸ் ஸ்கேல ஒடச்சிட்டாங்க. சாயங்காலம் வூட்டுக்கு வந்தாங்க. அடுத்த நாள் போட்டு பாக்க போனோம்."

நான் நோட்டைத் தொடவில்லை என்று பெருமை அடித்தேனே, படிக்கவும் இல்லை.

"இது உண்மையா?"

"உண்மைதான் மேடம்" என்றேன்.

அவர் அமலியிடம் திரும்பினார். "இதை எழுதலாமான்னு மிஸ்ஸைக் கேட்டியா?"

"கேக்கல மேடம். நடந்தத எயுதச் சொன்னாங்க. இதுவும் நடந்துச்சி."

மேடம் பக்கத்தைத் திருப்பினார். நாலாம் பலகையைக் காட்டினார். "நிழல் போட்டா தூரத்துல தெரியலன்னு ரெண்டாவதுலயே எழுதியிருக்கே. அப்புறம் ஏன் இதுல மறுபடி நிழல்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அமலி பலகையைக் கையில் எடுத்தாள்.

"ஆச மேடம். கிட்டக்க பாத்தா சோக்கா கீது. வுட மனசு வர்ல. அதான் இன்னொரு வாட்டி போட்டுப் பாத்தேன். அப்புறம் வுட்டுட்டேன்."

"இப்ப வருத்தமா இருக்கா?"

"கொஞ்சம் கீது" என்றாள்.

அப்போதுதான் மேடம் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

இரண்டு கடிதங்கள்

பதினாறு நாள் கழித்து, ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று எனக்கு. ஒரு வருடத்துக்கு நான் தனியாக யாரையும் தயார் செய்யக் கூடாது, வேறு மையத்து ஆசிரியர் ஒருவர் மாதாமாதம் வந்து என் வகுப்பைப் பார்ப்பார் என்று எழுதியிருந்தது. வலித்தது. நாற்பத்தாறு வயதில் பக்கத்தில் ஆளை உட்கார வைத்துக்கொண்டு பாடம் நடத்துவது லேசா? ஆனால் எனக்கு அது வேண்டியதுதான். மறுவருடம் அந்த நாலு பேரும் நோட்டு எழுதினார்கள், அந்த ஆசிரியர் பக்கத்தில் இருக்க. நால்வரும் தேறினார்கள்.

இன்னொரு கடிதத்தை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிகிற நேரத்துக்கு அமலி வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஒண்ணாந்தேதி. கம்பெனிக்குப் போவதற்காகப் புதுச் செருப்பும் சாப்பாட்டு டப்பாவும் அலமாரிமேல் தயாராக இருந்தன. அமலி கதவோரமாக நின்றாள். கடிதத்தை நான் அவளிடம்தான் நீட்டினேன். அவள் பிரிக்காமல் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

ஆரோக்கியம் அண்ணன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். முதலிலிருந்து மறுபடி படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

"இது பாஸுதானே டீச்சர்?"

"பாஸ்தான் அண்ணே. இரண்டாம் நிலை."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எனக்கு மறுபடியும் கோபம் வரப் பார்த்தது. மனுஷன் ஏதாவது சொன்னால்தான் என்ன என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்தார். நம்பரைத் தேடினார். ரொம்ப நேரம் மணி அடித்தது.

"அலோ, நான் ஆரோக்கியம் பேசறேன். நாளைக்கி அமலி வரும்னு சொன்னேன் இல்ல, அது வராது நைனா. நீ வேற ஆளப் பாத்துக்கோ." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லப்பா. அது டீச்சரா போவுது."